நாரைகள் அணியின் 1968-ஆம் வருடத்துப் பக்கம்

கவாகுச்சி
1991 செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஒகினோ சடாவோ அவர்களுக்கு,

இங்கே வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. குஷிரோவில் இப்போதே ஸ்வெட்டரை எடுத்திருப்பீர்கள். தங்கை ஃபுமியே நலமா? உங்கள் மகள் காலேஜை முடித்திருப்பாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

இருபத்து மூன்று வருடம் வாயைத் திறக்காதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நம் யனாகித் தெரு நாரைகள் பேஸ்பால் அணிக்கு இந்த நவம்பரில் நாற்பது வயது நிறைகிறது. ஒரு மலர் போடுகிறோம். அணியின் வரலாற்றை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. தெருவின் பொதுக் குளியலகத்தில்தான் வழக்கம்போலக் கூட்டம். நான் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "தொமேக்கிச்சி எழுதட்டும்ப்பா. தோஃபு கடைக்காரனுக்கு ஒம்போது மணிக்கு மேல என்ன வெட்டி முறிக்கிற வேலை?" என்று கேப்டன் நெகிஷி சொல்லிவிட்டார். நான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நெகிஷிக்கு எழுபத்தாறு வயதாகிறது. முடிதிருத்தும் கடையை இன்னும் மூடவில்லை. கை நடுங்குகிறது, அதனால் நம் அணியில் யாருக்கும் இரண்டு கிருதாவும் ஒரே உயரத்தில் இருக்காது. ஆட்டம் இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குத்தான், அரகாவா ஆற்றங்கரையில்தான். நாம் போவதற்கு முன்னால் நாரைகள் வந்து மைதானத்தில் நிற்பதும் மாறவில்லை.

இதுவரை எழுதியதை இணைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று. நீங்கள்தான் அப்போது ஸ்கோர் எழுதினீர்கள். ஊரை விட்டுப் போனபோது அந்த நோட்டுகளும் உங்கள் பெட்டியோடு போய்விட்டன. குறையாகச் சொல்லவில்லை. அனுப்பினால் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன். அச்சகத்தில் அக்டோபர் 25-க்குள் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
குவாபரா தொமேக்கிச்சி


குஷிரோ
செப்டம்பர் 11

குவாபரா தொமேக்கிச்சி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வானிலையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் வருடம் தொடர்ந்து பத்தொன்பது ஆட்டம் தோற்றோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தொன்று. முதல் சட்டைகளை அரிசிச் சாக்கில் தைத்தோம் என்பது சரி. அவை பார்க்க அழகாக இருந்தன என்பது பொய். குனிந்தால் அரிசிக்கடை முத்திரை முதுகில் தெரியும். 1957-இல் பந்து வீசியது கண்ணாடிக் கடைக்காரர் அல்ல. நான்.

நான்காம் பக்கத்தில் இதுவரை ஆடியவர்களின் பட்டியல் இருக்கிறது. அறுபத்து நான்கு பேர். ஆள் குறைந்த அன்று ஒரே ஒரு நாள் வந்து ஆடிய கோவில் பூசாரி வரைக்கும் பெயர் போட்டிருக்கிறீர்கள். பதினேழு வருடம் ஆடிய என் பெயர் இல்லை. மறந்திருப்பீர்கள் என்று இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தேன். மறக்கவில்லை என்று ஆறாம் பக்கத்துக்கு வந்ததும் புரிந்தது.

"1968: இறுதி ஆட்டத்தில் ஒரு தவறான தீர்ப்பால் கோப்பை கைநழுவியது."

இதைப் படித்துவிட்டு ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. என் பெயரைப் பட்டியலில் போடுங்கள். "தவறான" என்ற சொல்லை எடுங்கள். இரண்டும் நடந்தால் நோட்டுகள் தபாலில் வரும். நடக்காவிட்டால் வராது.

உங்கள் கடிதம் வந்தபோது ஃபுமியே வீட்டில் இல்லை. நீங்கள் எழுதியது அவளுக்குத் தெரியாது. இனி எழுதுவதானால் தொழிற்சாலை முகவரிக்கு எழுதுங்கள்.

ஒகினோ சடாவோ


கவாகுச்சி
செப்டம்பர் 21

மாப்பிள்ளை,

பதில் தாமதமாகிவிட்டது. புயல் வந்து ஆறு கரையேறிவிட்டது. மைதானம் முழுக்கத் தண்ணீர். பெஞ்சுகளில் ஒன்று எங்கள் கண் முன்னாலேயே தோக்கியோ பக்கம் மிதந்து போனது. "போகட்டும் விடு, அதுல உக்காந்தவன் எவனும் ரன் எடுத்ததில்ல" என்றார் நெகிஷி.

நீங்கள் கேட்ட இரண்டையும் கூட்டத்தில் வைத்தேன். நான் வைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது ஆடுகிற இளசுகளுக்குப் பழைய கதை தெரியாது. என்ன தீர்ப்பு, யார் ஒகினோ என்று கேட்டார்கள். நெகிஷி தொட்டிக்குள் கழுத்து வரை உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"கடைசி ரவுண்டு. ஒரு ஓட்டம் பின்னாடி இருக்கோம். ரெண்டு பேரு அவுட்டு. ரெண்டு பேரு ஓடிப்போயி பேஸ் மூட்டைல நிக்கிறான். நம்ம தொமே அடிச்சான் பாரு, பந்து நாணலுக்குள்ள போயிருச்சு. நின்ன ரெண்டு பேரும் ஓடி முடிச்சு ஹோமுக்கு வந்து சேந்துட்டான். ஜெயிச்சாச்சு. இவனத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டோம். நான் அழுதுட்டேன்னு வையி. அப்ப எதிர் டீம்காரன் ஒருத்தன் பந்த எடுத்துட்டு வந்து முதல் மூட்டைல கால வச்சு, 'ஓடினவரு இத மிதிக்காமப் போனாரு'ன்னான். மூட்டைக்குப் பக்கத்துல நடுவரா நின்னது யாரு? இவன் தங்கச்சி புருஷன். கைய மடக்கி அவுட்டுன்னுட்டான். மூணாவது அவுட்டு. வந்த ரெண்டு ஓட்டமும் செல்லாமப் போச்சு."

"நம்ம ஆளே நமக்கு அவுட்டா?" என்று ஒருவன் கேட்டான்.

"அதத்தானடா மூச்சப் புடிச்சுக்கிட்டுச் சொல்றேன்."

நான் சும்மா இருக்கவில்லை. "கேப்டன், காலைல அஞ்சு மணிக்கு வெளி நடுவர் எவன் வருவான்? அடிக்கிற டீம் ஆளுதான் போய் நிக்கணும். சந்தேகம் வந்தா எதிராளி பக்கம் சொல்லு, நமக்கு மானந்தான் பெருசுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான?" என்றேன்.

"சந்தேகம்னா சரி. இதுல சந்தேகம் எங்கேருந்து வந்துச்சு? நாந்தான் உங்கிட்டக் கேட்டேனே. நீதான் மிதிச்சேன்னு சொன்னியே" என்றார்.

நான் தண்ணீர் சூடு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

முடிவு இதுதான். ஒகினோ பெயர் உள்ளே வந்தால் தன் பெயரை வெளியே எடுக்கச் சொல்கிறார் நெகிஷி. நான் கெஞ்சிக் கூத்தாடிப் பட்டியலின் கடைசியில் உங்கள் பெயரைப் போட இடம் வாங்கியிருக்கிறேன். "தவறான" என்பதை "சர்ச்சைக்குரிய" என்று மாற்றட்டுமா? இரண்டு பக்கமும் அடிபடாத சொல். யோசியுங்கள். நானும் யோசித்து யோசித்து இந்த வாரம் மூன்று நாள் தோஃபு சரியாக உறையவில்லை.

தொமேக்கிச்சி


குஷிரோ
செப்டம்பர் 30

குவாபரா அவர்களுக்கு,

சர்ச்சைக்குரிய என்ற சொல் வேண்டாம். நீங்கள் தோஃபு விற்கிறீர்கள், வழவழவென்று பேசுவது உங்களுக்குக் கைவந்தது. எனக்கு அது வராது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நடந்ததை உங்கள் வரலாற்றில் காணோம், அதனால் நான் எழுதுகிறேன். நெகிஷி எனக்கு முடி வெட்டவில்லை. "இன்னிக்கு ஆள் நெறைய" என்று மூன்று வாரம் சொன்னார், காலி நாற்காலிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. குளியலகத்தில் நான் தொட்டியில் இறங்கினால் மற்றவர்கள் ஏறிக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த வார்ப்பட ஆலையில் என் கையுறைக்குள் ஒருவன் எழுதிப் போட்ட சீட்டு இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று ஃபுமியேவுக்குக்கூட நான் சொல்லவில்லை. அவள் காய்கறி வாங்கப் போனால், "உங்க ஊட்டுக்காரரு எந்த டீமுக்கு ஆடுறாருங்க?" என்று கேட்டார்கள். மூன்று மாதம் பொறுத்தோம். ஜனவரியில் கிளம்பினோம். ஸ்டேஷனுக்கு நீங்கள் வரவில்லை.

1979-இல் உங்கள் அம்மா இறந்தபோது தந்தி வந்தது. அதில் இறந்த நேரம் இருந்தது, "வா" என்ற ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் வரவில்லை. அதற்கும் உங்கள் தெருவில் பேசியிருப்பார்கள்.

ஃபுமியே இன்றுவரை ஒரு விஷயத்தைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொந்த டீமு, சொந்த மச்சான். அப்பவும் கண்ணு பாத்தத வாய் சொல்லிருச்சு." பிறந்த வீட்டை அவள் விட்டது இதற்காக.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் மிதித்தேன் என்று சொன்னது நெகிஷியிடம். என் முகத்தைப் பார்த்து ஒரு தடவையும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் மூன்று மாதத்தில் தெருவில் எத்தனையோ முறை எதிரே வந்தீர்கள், அப்போதும் சொல்லவில்லை.

மூட்டையை மிதித்தீர்களா, இல்லையா? ஒரு வரி போதும்.

ஒகினோ சடாவோ


கவாகுச்சி
அக்டோபர் 5

சடாவோ,

மிதிக்கவில்லை.

ஒரு வரி போதும் என்றாய். எழுதிவிட்டேன். ஆனால் எனக்குப் போதாது, மீதியையும் கேள்.

அந்தப் பந்தை அடித்ததும் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆயுளில் அவ்வளவு தூரம் நான் அடித்ததில்லை. பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். முதல் மூட்டை வந்த இடத்தில் என் காலுக்குக் கீழே மூட்டையின் கித்தான் தட்டுப்படவில்லை, ஈர மண்தான் தட்டுப்பட்டது. தெரிந்தது. திரும்பியிருக்கலாம். அதற்குள் எல்லாரும் கத்தினார்கள், நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பிறகு என்னைத் தூக்கிவிட்டார்கள். தோளில் உட்கார்ந்தபடியே நீ கையை மடக்கியதைப் பார்த்தேன். இறக்கிவிட்டதும் நெகிஷி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, "மிதிச்சியாடா?" என்றார். பதினேழு வருடமாக ஒரு கோப்பையும் வாங்காத மனிதர். "மிதிச்சேன்" என்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் உன்மேல் எல்லாருக்கும் கோபம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஏறியிருந்தது. அப்புறம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டேஷனுக்கு நான் வந்தேன். மேம்பாலத்தில் நின்றேன். ஃபுமியே மெரூன் கலர் கம்பளிச் சால்வை போட்டிருந்தாள். கீழே இறங்கி வர முடியவில்லை.

என்னை மன்னி என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. தங்கையையும் இழந்தேன், உன்னையும் இழந்தேன், ஒரு கோப்பைக்காக. அந்தக் கோப்பையும் வரவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நெகிஷி ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு, துண்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார். இன்று காலை அவர் மனைவி என் கடையைத் தாண்டி மூன்று தெரு தள்ளிப் போய்த் தோஃபு வாங்கினாள். வாங்கட்டும். நீ மூன்று மாதம் பட்டதில் நான் பாதியாவது பட வேண்டாமா?

ஆறாம் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். "ஓடிய குவாபரா தொமேக்கிச்சி முதல் மூட்டையை மிதிக்கவில்லை. அதை மைதானத்தில் சரியாகப் பார்த்தவர் ஒகினோ சடாவோ ஒருவரே. தன் அணிக்கு எதிராக என்று தெரிந்தும் கண்டதைச் சொன்னார்." பட்டியலில் உன் பெயர் நெகிஷிக்கு அடுத்து, இரண்டாவதாக. நவம்பர் 3-ஆம் தேதி விழா. நீயும் ஃபுமியேவும் வர வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும்.

இதை ஃபுமியேவும் படிக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தொமே


குஷிரோ
அக்டோபர் 12

மச்சான்,

அச்சுக்குக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் நிறுத்து. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

ஏன் வீட்டுக்கு அனுப்பினாய்? நான் வேலையிலிருந்து வந்தபோது ஃபுமியே உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "பாருங்க, அண்ணனே எழுதிட்டான். நீங்க பாத்தது சரின்னு அவனே எழுதிட்டான்" என்றாள். உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் படித்துக் காட்டினாள், மகளுக்குப் போன் போட்டுப் படித்தாள். விழாவுக்கு எதைக் கட்டிக்கொள்வது என்று கிமோனோவை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். இருபது வருடமாக அவளை இப்படிப் பார்த்ததில்லை.

எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் முதல் வரியைப் படித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஏன் இறங்கியது என்று நீ கேட்க வேண்டும். உண்மையாகப் பார்த்தவனுக்கு அது இறங்கக் கூடாது, தெரிந்ததுதானே என்று சும்மா இருப்பான்.

நான் பார்க்கவில்லை, மச்சான்.

மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற நடுவர் ஓடுகிறவன் காலைத்தான் பார்க்க வேண்டும். நீ அடித்ததும் நான் நடுவர் என்பதே மறந்துபோனது. நம் பந்து, அது எங்கே விழுகிறது என்று நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துள்ளிக் குதித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அந்த ஆள் பந்தோடு வந்து மூட்டையில் காலை வைத்து என் முகத்தைப் பார்த்தான். மரியாதையாகத்தான் கேட்டான், "நீங்க பாத்தீங்கல்ல, சார்?" என்று. பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? மிதித்தார் என்று சொன்னால், சொந்த ஆளுக்குச் சொல்கிறான் என்பார்கள். சந்தேகம் வந்தால் எதிராளிக்கு என்று நெகிஷி சொன்னது காதில் ஒலித்தது. எனக்கு வந்தது சந்தேகம்கூட இல்லை. என்னிடம் ஒன்றுமே இல்லை. கை தானாக மடங்கிவிட்டது.

உன் வெற்றியை நான் பார்க்காமலே பிடுங்கிவிட்டேனோ என்று இருபத்து மூன்று வருடம் அரித்துக்கொண்டிருந்தது. போன கடிதத்தில் உன்னை மிரட்டியது அதனால்தான். உன் வாயிலிருந்து "மிதிக்கவில்லை" என்று வந்தால் நான் தப்பித்தேன். வந்தது, தப்பித்தேன், இரண்டு நாள் கூட நிலைக்கவில்லை. நீ போட்டிருக்கிற "சரியாகப் பார்த்தவர் ஒருவரே" என்ற வரி கண்ணில் குத்துகிறது.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. ஆறாம் பக்கத்தில் முன்பு இருந்ததையே போடு. அது வேண்டாமென்றால் அந்த வருடத்தையே விட்டுவிடு. என்னை நேர்மையானவன் என்று மட்டும் அச்சடித்துவிடாதே. ஃபுமியேவிடம் சொல்ல என்னால் முடியாது. ஐஸ் தொழிற்சாலையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். உட்கார முடியவில்லை.

சடாவோ


கவாகுச்சி
அக்டோபர் 16
விரைவுத் தபால்

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். முதலில் சிரித்துவிட்டேன். வாங்க வந்தவள் என்னவென்று கேட்டாள், தோஃபுவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் கோபம் வந்தது. பார்க்கவில்லை என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் இரண்டு அணியும் பேசி அந்தப் பந்தை மறுபடி ஆடியிருப்போம். நீயும் போயிருக்க மாட்டாய். நானும் மேம்பாலத்தில் நின்றிருக்க மாட்டேன். பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது, நான் யார் உன்னைக் கேட்க? நாம் இரண்டு பேரும் ஒரே பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், சடாவோ. வேறு எதையும் பார்க்கவில்லை.

அச்சகத்துக்குப் போய்ப் பக்கத்தைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். 25 வரை பொறுக்கிறேன் என்கிறார்கள். ஆனால் நீ சொன்ன மூன்றில் எதையும் நான் செய்ய மாட்டேன். பழைய வரியைப் போட்டால் நான் மறுபடி பொய்யன். வருடத்தை விட்டால் இளசுகள் கேட்பார்கள். உன் பெயரை எடுத்தால் அந்தப் பதினேழு வருடம் யார் ஸ்கோர் எழுதியது, பேயா?

நெகிஷியிடம் போனேன். கடையில் யாரும் இல்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைக் கட்டினார். உன் விஷயத்தைச் சொல்லவில்லை, அது உன்னுடையது. "அவனுக்கு நான் முடி வெட்டாம விட்டுட்டேனே" என்றார். அவ்வளவுதான் பேசினார். நடுங்குகிற கையோடு காதுப் பக்கம் கத்தி வைத்தபோது நான் மூச்சு விடவில்லை.

அந்தப் பக்கத்தில் மீதியை வெற்றாக வைத்திருக்கிறேன். என் பங்கு ஒரு வரி, நான் மூட்டையை மிதிக்கவில்லை என்பது, அதை மட்டும் எழுதிவிட்டேன். உன் பங்கை நீ எழுதி, கீழே பெயர் போட்டு அனுப்பு. வராவிட்டால் என் வரி மட்டும் அச்சாகும், உன்னை நல்லவன் என்றும் சொல்லாது, கெட்டவன் என்றும் சொல்லாது. உன்னை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

ஃபுமியே விஷயத்தில் நான் புத்தி சொல்ல வரவில்லை. எனக்கு அவளை ஆறு வயதில் தெரியும், பன்னிரண்டு வயதில் தெரியும். ஐம்பது வயதில் தெரியாது. உனக்குத்தான் தெரியும். அவளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தொமே


குஷிரோ
அக்டோபர் 22
விரைவுத் தபால்

மச்சான்,

என் பங்கு இது. ஒரு எழுத்தும் மாற்றாதே.

"அந்த நேரத்தில் முதல் மூட்டையில் நடுவராக நின்றவன் நான். ஓடியவரின் காலை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன். ஒகினோ சடாவோ."

நோட்டுகளைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஃபுமியேவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் முள்ளங்கியை ஊறுகாய்க்கு வெட்டிக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். முள்ளங்கி முழுவதும் தீர்ந்த பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள்.

"டீமு, கோப்பை, அதெல்லாம் எனக்கு என்னங்க?" என்றாள். "எங்க அம்மா செத்தப்ப நான் பெட்டியக் கட்டிட்டேன். நினைவிருக்கா? போகாதே, அந்த ஊரு நேர்மைய மதிக்காத ஊருன்னு சொன்னீங்க. நான் பெட்டியப் பிரிச்சு வச்சேன். நீங்க சொன்னது சரின்னு நெனச்சு பிரிச்சு வச்சேன்."

தந்தியில் "வா" என்ற வார்த்தை இல்லை என்று உன்மேல் பழி போட்டேன். அது உண்மைதான், ஆனால் அது இல்லாமலும் அவள் கிளம்பினாள். நிறுத்தியது நான். அந்த வீட்டு வாசலில் உன் முகத்துக்கு எதிரே நிற்க எனக்குப் பயம். உன்னிடம் மறைத்ததை அவளிடமும் மறைத்து, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்து, அவள் அம்மாவைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தேன்.

அதற்கு அப்புறம் அவள் என்னோடு சண்டை போடவில்லை. சாப்பாடு போடுகிறாள். தேநீர் வைக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். நேற்று ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கி வந்தாள். ஒன்றுதான் வாங்கினாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "நான் அம்மா கல்லறைக்குப் போறேன். நீங்க எதுக்கு?" என்றாள். விழாவுக்குப் போகமாட்டாளாம். கிமோனோவை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

29-ஆம் தேதி காலை உவேனோ ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள். தனியாக இவ்வளவு தூரம் போனதில்லை, அதனால் நீ நடைமேடை வரைக்கும் வந்துவிடு. மேம்பாலத்தில் நிற்காதே. அவளுக்கு முழங்கால் வலி உண்டு, படியில் மெதுவாக இறங்குவாள், அவசரப்படுத்தாதே. காலையில் எதுவும் சாப்பிட மாட்டாள், கட்டாயப்படுத்தினால் சாப்பிடுவாள்.

எத்தனை நாள் இருப்பாய் என்று நான் கேட்டேன். தெரியாது என்றாள். இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்டு எனக்கு எழுது, மச்சான்.

சடாவோ